கூகுளை விட்டு விலக எந்தப் போன், எந்த இயங்குதளம்?

கணினியில் லினக்ஸுக்கு மாறிப் பத்து வருடம் ஆனவர்கள்கூடப் பாக்கெட்டில் இருக்கும் போனைக் கூகுள் கணக்கில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குச் சோம்பல் காரணமில்லை. மடிக்கணினி என்றால் ஒரு பென் டிரைவைச் செருகினால் போதும். போனில் முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். அதைத் திறக்க விடுவதா வேண்டாமா என்பது போனைத் தயாரித்தவர் கையில் இருக்கிறது. அதனால் எந்த இயங்குதளம் என்ற கேள்விக்கு வருவதற்குள், கடையில் காசை எண்ணி வைக்கும்போதே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

போனை ஆன் செய்ததும் முதலில் எழுவது பூட்லோடர். அடுத்து ஏறப்போகும் இயங்குதளத்தின் கையொப்பத்தை அது சரிபார்க்கும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிஜிட்டல் சாவி தயாரிப்பாளருடையது. பூட்லோடரைத் திறந்தால் இந்தச் சரிபார்ப்பு நின்றுவிடும். நீங்கள் விரும்பியதை ஏற்றலாம், உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவரும் ஏற்றலாம். மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த இயங்குதளத்தின் சாவியைப் போனுக்குள் பதித்துவிட்டு மறுபடி பூட்டுவது. இதை ஒழுங்காக அனுமதிக்கும் போன்கள் மிகக் குறைவு, அவற்றில் எளிதில் கிடைப்பது கூகுளின் பிக்சல். கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுள் போனையே வாங்க வேண்டியிருக்கிறது என்ற கூத்துக்கு இதுதான் காரணம்.

என்ன வேண்டும் உங்களுக்கு?

சுதந்திரமான போன் என்று சொல்லும்போது அதற்குள் மூன்று ஆசைகள் கலந்துகிடக்கின்றன. போனில் ஓடும் நிரலைப் படிக்க, மாற்ற, பகிர உரிமை வேண்டும் என்பது முதலாவது. இருப்பிடமும் தொடர்பு எண்களும் தேடல்களும் வெளியே போகக் கூடாது என்பது இரண்டாவது. போன் திருடு போனாலோ யாராவது குறிவைத்தாலோ உள்ளே இருப்பது கைமாறக் கூடாது என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும் என்று எண்ணித்தான் பலரும் தவறான போனை வாங்குகிறார்கள்.

முதல் ஆசையை மட்டும் கடைசிவரை துரத்திய ஆண்ட்ராய்டு வகை இயங்குதளம் ரெப்ளிகன்ட். மூலநிரல் வெளியிடப்படாத மூடிய நிரல் ஒரு வரிகூட உள்ளே வரக் கூடாது என்பது அதன் விதி. 2014இல் சாம்சங் கேலக்ஸி போன்கள் சிலவற்றில், கோபுரத்தோடு பேசும் சிப்பான மோடத்தின் பக்கத்திலிருந்து போனின் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் வழி விட்டிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இந்தக் குழுவினர்தான். ஆனால் அது ஓடுவது 2012 வாக்கில் வந்த கேலக்ஸி எஸ்3 போன்ற போன்களில். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று காலமாகிவிட்டது, வைஃபை சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர் எனும் நிரல்கூட உடன் வராது. கொள்கைக்கு நூற்றுக்கு நூறு, அன்றாடத்துக்கு உதவாது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2025 அக்டோபரில் லிப்ரேபோன் என்ற முயற்சியை அறிவித்தது. இன்றைய போன்களில் மிச்சமிருக்கும் மூடிய துண்டுகளை ஆராய்ந்து மாற்று எழுதுவது அதன் நோக்கம். அதை நம்பி இன்று போன் வாங்க முடியாது. அறக்கட்டளையைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மேன் செல்போனே வைத்துக்கொள்வதில்லை. அவரைப் பொறுத்தவரை அது கண்காணிப்புக் கருவி. அந்த முடிவில் ஓட்டையே கிடையாது. ஆனால் கேஸ் சிலிண்டர் பதிவிலிருந்து வங்கி ஓடிபி வரை எல்லாம் ஒரு எண்ணில் கட்டப்பட்ட நாட்டில் அதைப் பின்பற்ற எத்தனை பேரால் முடியும்?

மற்றவர்களுக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. நான்கும் சமமானவை அல்ல.

இருக்கிற போனை இளைக்கவைப்பது

வங்கிச் செயலி நின்றால் பிழைப்பே நின்றுவிடும் என்பவர்களுக்கும், பூட்லோடரைத் திறக்கவே முடியாத போன் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி. விவோ, ஓப்போ போன்களில் பெரும்பாலானவற்றுக்கு அதிகாரபூர்வமான திறப்பு முறை இல்லை. சாம்சங் தன் ஆண்ட்ராய்டு வடிவமான ஒன் யூஐயின் 8ஆம் பதிப்பிலிருந்து திறக்கும் வசதியையே எடுத்துவிட்டது. பழைய சாம்சங்கில் திறந்து வேறு இயங்குதளம் ஏற்றினால் நாக்ஸ் எனும் பாதுகாப்பு அமைப்புக்குள் ஒரு மின் இணைப்பு எரிந்துபோகும். பிறகு பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் அது பழைய நிலைக்கு வராது.

செய்யும் முறை இது. அமைப்புகளில் 'பில்ட் எண்'ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, கணினியில் போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியோடு இணைக்க வேண்டும். பிறகு வேண்டாத செயலிகளை, 0 என்ற பயனருக்கு மட்டும் நீக்கு என்ற கட்டளையால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். இவை உண்மையில் போனைவிட்டுப் போவதில்லை, உங்கள் பயனர் கணக்கிலிருந்து மறைகின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்தால் அத்தனையும் திரும்பி வரும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் சில வரலாம். ஆகவே நீக்கியவற்றின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பார்த்து வேண்டாதது என்று எதையும் தூக்கிவிடாதீர்கள். ஷாவ்மி போனில் 'ஃபைண்ட் டிவைஸ்' பொதியை எடுத்தால் போன் எழுவதும் அணைவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் எல்லாத் தரவையும் அழித்துத்தான் மீட்க வேண்டியிருக்கும். விளம்பரச் செயலிகள், பேஸ்புக்கின் மறைவான நிறுவி, தயாரிப்பாளரின் செயலிக் கடை, உலாவி, பகுப்பாய்வுப் பொதிகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அமைப்புகளில் கூகுள் பகுதிக்குப் போய் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடுங்கள். செயலிகளுக்கு எஃப்-டிராய்டு. 2010 முதல் இருக்கும் இந்தக் களஞ்சியம் பெரும்பாலான செயலிகளை மூலநிரலிலிருந்து தானே கட்டித் தருகிறது. செயலிக்குள் கண்காணிப்போ மூடிய சேவையோ இருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதிவிடும்.

இந்த வழியின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். செயலிகளின் அறிவிப்பு, இருப்பிடம் முதலியவற்றைப் பின்னணியில் கவனிக்கும் கூகுள் பிளே சேவைகள் அமைப்புக்குரிய அதிகாரத்தோடு உள்ளேயே இருக்கும். நீங்கள் குறைத்தது சத்தத்தைத்தான். கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பது மாறவில்லை. 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு செய்தது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவப்படும் செயலிகளின் உருவாக்குநர்கள், பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்தாலும், தங்கள் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்ய வேண்டும் என்றது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி மற்ற நாடுகளுக்கு விரிப்பது திட்டம். எஃப்-டிராய்டு இதைக் கடுமையாக எதிர்த்தது. நவம்பரில், விவரம் தெரிந்த பயனர்களுக்குத் தனி வழி வைப்போம் என்று கூகுள் இறங்கி வந்தது. வழி எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதை வைப்பதும் எடுப்பதும் அவர்கள்தானே.

இதே கேள்வி அரசாங்கத்தை வைத்தும் எழுந்தது. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியை இந்தியாவில் விற்கும் எல்லாப் போன்களிலும் முன்கூட்டியே ஏற்றித் தர வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்ன தீர்ப்பு இருக்கும் நாட்டில்தான் இதுவும் நடந்தது. போனின் சாவி தயாரிப்பாளரிடம் இருக்கும்வரை, தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் அனுப்பினாலே போதும், உங்களைக் கேட்க வேண்டியதில்லை.

பழைய போனுக்கு லீனியேஜ்

ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்திலிருந்து கட்டப்பட்ட சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதன் நிரலை எடுத்துக்கொண்டு எழுந்தது லீனியேஜ் ஓஎஸ். நூற்றுக்கும் மேற்பட்ட போன் வகைகளுக்கு வருகிறது. தயாரிப்பாளர் கைகழுவிய போனுக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் ஆயுள் தருவதில் இதற்கு இணை இல்லை. டிராயரில் சும்மா கிடக்கும் ஒன்பிளஸோ மோட்டோவோ இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது லீனியேஜின் விக்கிதான். போனின் விற்பனைப் பெயரை விட்டுவிட்டுக் குறிப்பெயரால் தேடுங்கள். ஒரே விற்பனைப் பெயரில் இரண்டு மூன்று வன்பொருள்கள் இருக்கும். தவறானதை ஏற்றினால் போன் எழாது.

பூட்லோடரைத் திறப்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மோட்டோரோலா தன் தளத்தில் ஒரு குறியீட்டைத் தரும், வாரண்டி போகும். ஷாவ்மியில் கணக்கைப் போனோடு இணைத்துவிட்டுப் பொதுவாகச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். அதன் புதிய இயங்குதளமான ஹைப்பர் ஓஎஸ் வந்தபின் அதற்கு முன்னால் அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. எதுவானாலும் திறக்கும் கணத்தில் போனில் இருக்கும் அத்தனையும் அழியும். படங்களை எடுத்து வைத்தாயிற்றா என்று மட்டும் பார்த்தால் போதாது. இரண்டடுக்குச் சரிபார்ப்புச் செயலியின் குறியீடுகளையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நிறுவும்போது இரண்டு இடங்களில் பயந்துபோவார்கள். கணினியிலிருந்து கேபிள் வழியாக ஏற்றும்போது (சைட்லோட்) கணினித் திரையில் 47 சதவீதத்தில் நின்றுவிடும். போன் திரையில் முடிந்தது என்று காட்டினால் முடிந்ததுதான், கேபிளைப் பிடுங்கி மறுபடி ஆரம்பிக்காதீர்கள். இன்னொன்று, கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் முதல் முறை போனை ஆன் செய்வதற்கு முன்பே அவற்றையும் ஏற்றிவிட வேண்டும். ஒருமுறை உள்ளே போய்விட்டுப் பிறகு சேர்த்தால் செயலிகள் வரிசையாக நின்று விழும், முழுக்க அழித்துத்தான் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். இயங்குதளத்தை இரண்டு பிரதிகளாக வைக்கும் இரட்டை ஸ்லாட் போன்களில் இரண்டு ஸ்லாட்டிலும் ஃபர்ம்வேர் ஒரே பதிப்பாக இல்லாவிட்டால் வைஃபையோ மோடமோ எழாது. விக்கியில் அதற்கென்று சொல்லப்படும் படியைத் தாண்டிப் போகக் கூடாது.

லீனியேஜ் ஏற்றிய பிறகு பூட்லோடரை மறுபடி பூட்டாதீர்கள். பெரும்பாலான போன்களில் அது அந்தப் போனுக்குச் செய்யும் கடைசிச் சடங்கு. தயாரிப்பாளரின் சாவியோடு பொருந்தாத இயங்குதளத்தைப் பூட்லோடர் ஏற்காது, சில போன்களில் திரும்பத் திறக்கவும் வழி இருக்காது. ஆக லீனியேஜ் போன் திறந்த பூட்லோடரோடுதான் வாழ வேண்டும். உள்ளே தரவு மறையாக்கத்தில்தான் (என்கிரிப்ஷன்) இருக்கிறது, திருடியவன் நேராகப் படித்துவிட முடியாது. ஆனால் போனைச் சில நிமிடம் தனியாகக் கையில் வைத்திருக்கும் ஒருவர் இயங்குதளத்தையே மாற்றிவிட்டு உங்களிடம் திருப்பித் தரலாம். விமான நிலையம், காவல் நிலையம், உறவுக்குள்ளேயே உளவு என்று கவலைப்பட வேண்டியவர்களுக்கு இந்த ஓட்டை பெரிது. பஸ்ஸில் தொலைப்பதுதான் பயம் என்றால் சிறிது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அமைப்புகளில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இரண்டு இருக்கும். ஆண்ட்ராய்டுடையது ஒன்று, வெண்டர் எனப்படும் வன்பொருள் பக்கத்துடையது ஒன்று. முதல் தேதி போன மாதத்தைக் காட்டும். இரண்டாவது மூன்று வருடம் பின்னால் நிற்கும். ஏனென்றால் சிப், மோடம், கேமரா ஆகியவற்றின் மூடிய ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளர்தான் திருத்த வேண்டும், அவர் நிறுத்திவிட்டால் லீனியேஜ் ஒன்றும் செய்ய முடியாது.

கூகுள் செயலிகள் இல்லாத லீனியேஜும் கூகுளோடு முழுக்கப் பேசாமல் இருப்பதில்லை. இணைய இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க இயல்பாகக் கூகுளின் வழங்கியைத்தான் தட்டிப் பார்க்கும். இதையெல்லாம் மாற்றி, மைக்ரோஜியைச் சேர்த்து, கணக்கு வசதியோடு தருவது இ-ஓஎஸ். மாண்ட்ரேக் லினக்ஸைத் தொடங்கிய கேல் டுவால் நடத்தும் திட்டம் இது. மைக்ரோஜி என்பது பிளே சேவைகளுக்குப் பதிலாக எழுதப்பட்ட கட்டற்ற மாற்று. செயலிகள் அதைக் கூகுள் என்றே நம்பும். அறிவிப்புகள் வருவதற்கு அதுவும் கூகுளின் வழங்கியில்தான் பதிவு செய்துகொள்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டில் பெரியவர்களுக்குக் கொடுக்க இ-ஓஎஸ் எளிது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாக வருவது அதன் பழைய குறை.

புதிதாக வாங்குவதென்றால் கிராஃபீன்

கிராஃபீன் ஓஎஸ் பிக்சலுக்கு மட்டும் வந்த இயங்குதளம். சாவியைப் பதித்துப் பூட்டுவது, சிப்புக்குள் தனிப் பாதுகாப்பு உறுப்பு, நீண்ட காலத் திருத்தங்கள் என்று அவர்கள் வைத்த தேவைகளை மற்றப் போன்கள் நிறைவு செய்யவில்லை. நிரல் கட்டற்றது, ஃபர்ம்வேர் மூடியது. கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் முன்பு சொன்ன இரண்டாவது, மூன்றாவது ஆசைகளை இவ்வளவு தூரம் தருவது வேறில்லை.

இதில் பிளே சேவைகள் இயல்பாக இல்லை. வேண்டுமென்றால் சாதாரணச் செயலியாகவே நிறுவிக்கொள்ளலாம். தனி அதிகாரம் எதுவும் கிடையாது, மற்றச் செயலிகளைப் போல அதுவும் உங்களிடம் அனுமதி கேட்டுத்தான் நடக்க வேண்டும். எந்தச் செயலிக்கும் இணைய அனுமதியையே மறுக்கலாம். விசைப்பலகைக்கு இணையம் எதற்கு? கால்குலேட்டருக்கு எதற்கு? தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் கொடு என்று அடம் பிடிக்கும் செயலிக்கு நீங்கள் பொறுக்கிய நாலு எண்களை மட்டும் காட்டலாம், அதுதான் மொத்தம் என்று அது நம்பிக்கொள்ளும். 18 மணி நேரம் திறக்கப்படாமல் இருந்தால் போன் தானாகவே ரீபூட் ஆகி, மறையாக்கச் சாவிகளை நினைவகத்திலிருந்து அழித்துவிடும். கட்டாயப்படுத்திக் கேட்டால் கொடுப்பதற்கென்றே ஒரு பின் எண் வைக்கலாம். அதைப் போட்டால் போன் முழுக்க அழிந்துவிடும். இந்தக் கடைசி வசதியை இயக்கும் முன் யோசியுங்கள். விசாரணையில் இருக்கும் ஒருவர் அதைப் பயன்படுத்தினால் ஆதாரத்தை அழித்ததாகத் தனி வழக்கு வரலாம்.

எந்தப் பிக்சல்? கூகுள் திருத்தங்கள் தரும் காலம்தான் கணக்கு. 6ஏ 2027 ஜூலையோடு முடிகிறது, 7ஏ 2028 மேயோடு. 8இலிருந்து ஏழு வருடம். 8 என்றால் 2030 அக்டோபர், 8ஏ என்றால் 2031 மே. அதோடு 8இலிருந்து நினைவகத்தைக் குறியிட்டுச் சரிபார்க்கும் வன்பொருள் வசதி வந்தது, கிராஃபீன் அதை முழுக்கப் பயன்படுத்துகிறது. விலை மலிவு என்று 6ஏ வாங்குவது வீண். ஆயுள் குறைவு, அதற்கு மேல் பேட்டரி சூடாகும் பிரச்சினைக்காக 2025இல் கூகுளே அந்த வகையின் ஒரு பகுதிக்குக் கொள்ளளவைக் குறைக்கும் அப்டேட் அனுப்பியது. பயன்படுத்திய 8 அல்லது 8ஏதான் இப்போதைக்குப் பணத்துக்கு ஏற்றது.

பழையது வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்கள் விற்ற பிக்சல்கள் சுற்றி வந்து நம் சந்தையிலும் கிடைக்கும். வெரைசன் விற்றதாக இருந்தால் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. எந்த சிம் போட்டாலும் வேலை செய்யும், ஆகவே கடைக்காரர் 'அன்லாக்டு சார்' என்று சொல்வது பொய்யும் இல்லை, அவர் சொல்வது சிம் பூட்டை. கடையிலேயே டெவலப்பர் விருப்பங்களைத் திறந்து, வைஃபை இணைத்து, 'ஓஇஎம் அன்லாக்கிங்' பொத்தான் தள்ளினால் நகர்கிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் உறைந்து நின்றால் வாங்காதீர்கள். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு உள்ளே இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நிறுவுவது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. போனை முதலில் கடைசிப் பதிப்புக்கு அப்டேட் செய்து, ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்கி, அணைத்து, வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்தியபடியே ஆன் செய்தால் ஃபாஸ்ட்பூட் திரை வரும். கணினியில் குரோமியம் வகை உலாவியில் கிராஃபீனின் நிறுவல் பக்கத்தைத் திறந்து பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டியதுதான். திற, பதிவிறக்கு, ஏற்று, பூட்டு. ஃபயர்பாக்ஸில் யூஎஸ்பியைத் தொடும் வசதி இல்லாததால் அதில் நடக்காது. கணினியில் 32 ஜிபி இடம் காலியாக இருக்க வேண்டும். லினக்ஸில் போன் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி சாதனத்தைத் தொட அனுமதிக்கும் யூடெவ் விதிகள் நிறுவப்படாததே காரணம். மற்றபடி பாதியில் நிற்பதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் கேபிள். சார்ஜுக்கு மட்டும் உதவும் கேபிளையும் யூஎஸ்பி ஹப்பையும் தள்ளி வையுங்கள். கடைசியில் பூட்டும் படியைத் தவறவிடாதீர்கள், இவ்வளவும் செய்தது அதற்காகத்தான். பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மஞ்சள் எச்சரிக்கையும் ஒரு நீண்ட எண் தொடரும் வரும். அந்தத் தொடரைக் கிராஃபீன் வெளியிட்டிருக்கும் சாவியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதிலும் கூகுளின் நிழல் இல்லாமல் இல்லை. 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16 வந்தபோது பிக்சலுக்கான வன்பொருள் விவரங்களைத் திறந்த மூலத்தோடு சேர்த்து வெளியிடுவதைக் கூகுள் நிறுத்தியது. கிராஃபீன், லீனியேஜ் இரண்டு குழுக்களுக்கும் அது கூடுதல் உழைப்பு. 2025 ஆகஸ்டில் இதே போன்ற இன்னொரு இயங்குதளமான காலிக்ஸ் ஓஎஸ் வேலையை நிறுத்திவைத்ததையும் பார்த்தால், சிறிய குழுக்களின் தயவில் நிற்கும் எந்த இயங்குதளத்துக்கும் ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றும்.

யூபிஐ என்ற முட்டுக்கட்டை

கூகுள் இல்லாத போனில் வாட்ஸ்அப் வருமா, தமிழில் எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு வரும், முடியும் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஹெலிபோர்டு, இண்டிக் கீபோர்டு என்ற கட்டற்ற விசைப்பலகைகள் இரண்டிலும் தமிழ் உண்டு. ஹெலிபோர்டில் விரலை இழுத்து எழுத மட்டும் கூகுளின் மூடிய நூலகம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கூகுளின் தமிழ்க் குரல் தட்டச்சுக்குப் பழகியவர்களுக்கு அது நிஜமான இழப்பு. உண்மையான தலைவலி வங்கிச் செயலிதான்.

யூபிஐ செயலி உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் போனையும் எண்ணையும் முடிச்சுப் போடுகிறது. இதற்கும் கூகுளுக்கும் சம்பந்தமில்லை. சிக்கல் பிளே இன்டெக்ரிட்டி என்ற சான்றில். இந்தப் போனில் கூகுள் சான்றளித்த இயங்குதளம்தான் ஓடுகிறதா என்று செயலி கூகுளைக் கேட்கும். லீனியேஜில் பூட்லோடர் திறந்திருப்பதால் இல்லை என்று பதில் வரும். கிராஃபீன் பூட்டப்பட்டிருந்தாலும் அடிப்படைச் சான்று மட்டுமே கிடைக்கும், அடுத்த படியான சாதனச் சான்று கிடைக்காது, ஏனென்றால் அது கூகுள் சான்றளித்த இயங்குதளம் அல்ல. ஐந்து வருடமாக எந்தத் திருத்தமும் வராத ஒரு பழைய போன் சான்று பெறும், போன வாரத் திருத்தம் ஏறிய கிராஃபீன் பெறாது. இதைப் பாதுகாப்புச் சோதனை என்று அழைப்பது வங்கிகளின் சோம்பல். ஆண்ட்ராய்டின் சொந்த வன்பொருள் சான்று முறையிலேயே கிராஃபீனின் சாவிகளை ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது.

செயலிக்குச் செயலி, சில சமயம் பதிப்புக்குப் பதிப்பு நிலைமை மாறும். இன்று ஓடும் வங்கிச் செயலி அடுத்த அப்டேட்டில் 'உங்கள் சாதனம் ரூட் செய்யப்பட்டுள்ளது' என்று மூடிக்கொள்ளலாம். போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்து (ரூட் செய்து), சான்றைப் போலியாகக் காட்டும் மாட்யூல்களைப் போடும் வழியை இணையத்தில் நிறையப் பேர் சொல்லித் தருவார்கள். அது வேண்டாம். கசிந்த சாவிகளை வைத்துத்தான் அந்த வித்தை நடக்கிறது, கூகுள் அவற்றை ரத்து செய்யும் நாளில் நின்றுவிடும். ரூட் செய்த போனில் வங்கி வேலை பார்ப்பது எந்தப் பாதுகாப்புக்காக இவ்வளவும் செய்தோமோ அதையே உடைப்பது.

நேர்மையான தீர்வுகள் இரண்டுதான். வங்கியில் பதிவான எண்ணைப் போட்ட மலிவான போன் ஒன்றை, மேலே சொன்னபடி இளைக்கவைத்து, வேறு எதையும் ஏற்றாமல் பணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது முதல் வழி. அந்தப் போனில் தொடர்பு எண்கள், படங்கள், மின்னஞ்சல் எதுவும் இருக்கக் கூடாது. இல்லாத தரவைத்தான் யாராலும் எடுக்க முடியாது. அடுத்தது, செயலியே இல்லாமல் *99# வழியாக அனுப்புவது. சாதாரணப் பட்டன் போனிலும் நடக்கும், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை. மெதுவானது, இடையில் அறுந்தால் பணம் போனதா இல்லையா என்று இருப்பைப் பார்த்த பிறகே மறுபடி முயல வேண்டும்.

லினக்ஸ் போன்கள்

ஆண்ட்ராய்டே இல்லாமல் கணினியில் ஓடும் லினக்ஸையே ஓட்டும் போன்கள் இவை. இரண்டாவது போனாக, விளையாட்டாக வாங்குங்கள். ஒரே போனாக வேண்டாம். பைன்போனில் பின் மூடியைக் கழற்றினால் மோடம், வைஃபை, மைக், கேமராவுக்குத் தனித்தனிச் சிறு சுவிட்சுகள் இருக்கும். மென்பொருளை நம்ப வேண்டாம், மின்சாரமே அறுந்துவிடும். லிப்ரம் 5இல் அதே வேலைக்கு மூன்று சுவிட்சுகள் வெளியிலேயே. இரண்டும் வேகத்திலும் பேட்டரியிலும் நோஞ்சான். போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் ஏற்றிய பழைய ஒன்பிளஸ் 6 இவற்றைவிட எவ்வளவோ வேகம்.

இங்கே இந்தியாவுக்கென்று ஒரு முட்டு இருக்கிறது. ஜியோவுக்கு 2ஜியோ 3ஜியோ கிடையாது, குரல் அழைப்பே 4ஜியிலேயே பேசும் வோல்ட்இ வழியாகத்தான். லினக்ஸ் போன்களில் அடிக்கடி தகராறு செய்வதும் அதுதான். இணையம் ஓடும், அழைப்பு வராது. ஏர்டெல் என்றால் 2ஜிக்கு இறங்கி அழைப்பு வரலாம். இன்னொரு போன் லினக்ஸான உபுண்டு டச் வோல்ட்இயைக் குறிப்பிட்ட சில போன்களில் மட்டும் தருகிறது, வாங்கும் முன் பட்டியலைப் பாருங்கள்.

எந்த இயங்குதளமும் தொடாத இடம்

மோடம் தனிக் கணினி, அதன் நிரல் மூடியது, நான்கு வழிகளிலும். சிம் உள்ளே இருந்தால் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ தெரியும், யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தீர்கள் என்பது தெரியும். கிராஃபீன் போட்டவுடன் மறைந்துவிட்டதாக நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பட்டன் போனுக்குத் திரும்பினால் தப்பலாம் என்பதும் சரியில்லை. கோபுரப் பதிவு அப்படியே இருக்கும், அதோடு உங்கள் பேச்செல்லாம் முனைக்கு முனை மறையாக்கம் இல்லாத குறுஞ்செய்தியாகவும் சாதாரண அழைப்பாகவும் மாறிவிடும். சிக்னல் செயலி இருக்கும் போனைவிட இது மோசம்.

ஆக, டிராயரில் லீனியேஜ் ஏற்கும் போன் இருந்தால் காசு செலவழிக்காமல் அதில் ஒரு மாதம் வாழ்ந்து பாருங்கள். எந்தச் செயலி இல்லாமல் கை ஒடிகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். பத்திரிகையாளர், வழக்கறிஞர், செயற்பாட்டாளர் என்றால் அந்தச் சோதனை வேண்டாம், நேராகப் பிக்சல் 8உம் கிராஃபீனும். விவோவோ ஓப்போவோ வைத்திருப்பவர் அதை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. இளைக்கவைத்து ஓட்டி, அடுத்த போன் வாங்கும்போது பூட்லோடர் திறக்குமா என்பதை கேமரா மெகாபிக்சலுக்கு முன்னால் கேளுங்கள்.

கிராஃபீன் ஒத்துவராமல் பிக்சலை விற்க நேர்ந்தால், பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரிசை முக்கியம். பூட்லோடரைத் திறந்து, கிராஃபீனின் நிறுவல் பக்கத்திலேயே இருக்கும் பொத்தானால் முதலில் அதன் சாவியை அழித்துவிட்டு, கூகுளின் ஃபிளாஷ் கருவியால் மூல இயங்குதளத்தின் கடைசிப் பதிப்பை ஏற்றுங்கள். பழைய பதிப்பை ஏற்றாதீர்கள், பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் பூட்டு சில வகைகளில் போனை எழவிடாது.  இவ்வளவுக்கும் பிறகே பூட்ட வேண்டும். சாவி உள்ளேயே இருந்தால் போன் ஓடும், ஆனால் வாங்கியவர் அறியாமலே அது இன்னும் வேறொரு கையொப்பத்தையும் ஏற்கும் போனாக இருக்கும்.